வற்றாத பள்ளம்

கோயம்புத்தூர்ப் பக்கம் ஓடைகளில் பூச்சிகளைக் கணக்கெடுப்பது என் வேலை. கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருப்பதை வலையில் பிடித்து எண்ணுவது. வறட்சி என்றால் தண்ணீர் இல்லாமல் போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவித்தார்கள். அந்தக் கோடையில் வெள்ளியங்கிரி அடிவாரத்து நொய்யல் ஓடைகளில் செருப்போடு நடந்து போகலாம். நகருக்குள் சங்கனூர் பள்ளம் என்கிற ஓடையிலோ தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் படிவத்தில் 'நீரோட்டம் உண்டா, இல்லையா' என்று ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் பார்த்தால் அடிவாரம் செத்துவிட்டது, பள்ளம் பிழைத்துக்கொண்டது.

நிலைமை நேர் எதிர். காய்ந்த ஓடையில் கூழாங்கல்லைத் தோண்டினால் கீழே ஈரம் இருக்கும், அதில் இளம்புழுக்கள் பதுங்கியிருக்கும். மேஃபிளை என்கிற சிறு பூச்சி, தட்டான் எல்லாம் வளர்ந்ததும் இறக்கை முளைப்பவை. மழை வந்ததும் எங்கிருந்தோ பறந்து வந்து முட்டையிடும். மீன்களுக்குத்தான் கஷ்டம். பாறை நிழலில் மிஞ்சிய குட்டைதான் அவற்றுக்குக் கதி, கொக்குக்கோ அது விருந்து. ஆழ்துளைக் கிணறுகள் சுற்றிலும் உறிஞ்ச, அந்தக் குட்டையும் போய்விட்டால் அயிரை எங்கே போகும்?

பள்ளத்தில் ஓடுவது சாக்கடை. மழைக்காலத்தில் அதோடு கொஞ்சம் நல்ல தண்ணீர் கலக்கும். வறட்சியில் அதுவும் கிடையாது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் சுத்தமான நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். இருக்கிற கொஞ்சத்தையும் கழிவைத் தின்னும் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும். அதனால் வலையில் வருவதெல்லாம் ரத்தப்புழுவும் கொசுப்புழுவும். ரத்தப்புழுவின் சிவப்பு ஹீமோகுளோபினால் வருவது. குறைந்த ஆக்சிஜனிலும் அது சமாளிக்கும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தாக்குப்பிடிக்கும். கரைக்கும் அடிக்கும் கான்கிரீட் போட்ட இடங்களில் பதுங்கக் கல்லிடுக்குகூட இல்லை.

முதல் மழை இன்னும் மோசம். தெருவில் மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணெயும் குப்பையும் ஒரே மூச்சில் இறங்கும், அடியில் படிந்த சேறு கிளம்பி மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும். மறுநாள் குளத்தில் மீன் செத்து மிதந்தால் யாரோ மருந்து கலந்துவிட்டார்கள் என்று போன் வரும். பல சமயம் யாரும் எதையும் கலந்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பெரிய ஆதங்கம் தூர்வாரும் வேலையில்தான். காய்ந்த ஓடை வசதி என்று கோடையில் ஜேசிபியை இறக்கி, கூழாங்கல்லை வழித்து, குழிகளைச் சமன் செய்துவிடுகிறார்கள். ஒருமுறை ஓட்டுநரிடம் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "காஞ்ச மண்ணுல என்னங்க சார் இருக்குது?" என்றார். ஈரக் கல் ஒன்றைப் புரட்டிக் காட்டினேன். இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அந்தக் குழியை மட்டும் விட்டுவிட்டு, மீதி ஓடையை மாலைக்குள் சமன் செய்து முடித்தார்.