மேற்கு ஃபிளாண்டர்ஸில் பீப்பாய் ஏல்: ஒரு சுவைப் பயணம்

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில் உள்ள ப்ரூஜ் நகரின் வால்பிளைன் சதுக்கத்தில் டி ஹல்வ மான் ப்ரூவரி, அதாவது பியர் காய்ச்சும் ஆலை, இருக்கிறது. பெயருக்கு ‘அரை நிலா’ என்று பொருள். 1856 முதல் இயங்கும் இடம். உள்முற்றத்தில் உட்கார்ந்ததும் ஒன்றல்ல, இரண்டு பாட்டில் கேளுங்கள்: ஸ்ட்ராஃபே ஹென்ட்ரிக் குவாட்ரூபல் ஒன்று, ஸ்ட்ராஃபே ஹென்ட்ரிக் ஹெரிட்டேஜ் ஒன்று. ஏல் என்பது சற்று வெதுவெதுப்பில் நொதிக்க வைத்த பியர்; குவாட்ரூபல் அதில் மிகக் கனத்த, கறுத்த பெல்ஜிய வகை. இரண்டு பாட்டிலும் அடர்ந்த பழுப்பு நிறம், இரண்டிலும் ஆல்கஹால் 11 சதவீதம். ஹெரிட்டேஜ் என்பது அதே குவாட்ரூபலை ஒரு வருடம் ஓக் பீப்பாயில் வைத்து எடுத்தது. பெல்ஜியத்தின் கறுத்த, கனத்த ஏல்களைப் பீப்பாய் என்ன செய்கிறது என்று அறிய இதைவிட நேரான வழி இல்லை. பீப்பாய் ஏலை மட்டும் குடிப்பவர்களுக்கு எது மரத்தின் வேலை, எது ஈஸ்டின் வேலை என்று பிரிக்கவே வராது. தாயையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முகச்சாயல் தெரியும்.

இரண்டு பேர் போனால் ஆளுக்குப் பாதி ஊற்றிக்கொள்ளலாம். 330 மில்லி பாட்டிலில், 11 சதவீதத்தில், சுமார் 29 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 5 சதவீத பியர் அதே அளவில் 13 கிராம்தான். இரண்டு பாட்டிலை ஒருவரே முடித்தால் நான்கு சாதாரண பியருக்கு மேல் ஆகிவிடும்; மூன்றாவது கோப்பையில் நாக்கு எதையும் சொல்லாது. முதலில் பீப்பாய்க்குப் போகாததைக் குடியுங்கள், பிறகு போனதை. வரிசை மாறினால் ஓக்கின் துவர்ப்பு நாக்கில் தங்கி, சாதாரண குவாட்ரூபலைத் தண்ணீராகக் காட்டும்.

வெப்பநிலையில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். 4 டிகிரி குளிரில் இருந்து வந்த பாட்டிலை உடனே குடித்தால் மணம் எழாது. துவர்ப்பும் கசப்பும் மட்டும் முன்னால் நிற்கும். 10 டிகிரியில் ஊற்றி, 14 டிகிரி வரை மெல்ல ஏற விடுவதே சரி. அறையின் சூட்டில் இதற்கு இருபது நிமிடம் பிடிக்கும். அவசரமென்றால் கோப்பையின் அடிப்பகுதியை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தால் போதும். 16 டிகிரிக்கு மேல் போனால் சாராய நெடி மேலே வந்து மற்றதையெல்லாம் மூடிவிடும்.

கோப்பை வயிறு அகன்று வாய் சற்றுக் குறுகியதாக இருக்கட்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். மீதி இடம் மணத்துக்கு. சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, கடைசியில் நிமிர்த்தி இரண்டு விரல் கனத்துக்கு நுரை எழுப்புங்கள். பாட்டிலின் அடியில் ஈஸ்ட் வண்டல் இருக்கும். கடைசி ஒரு சென்டிமீட்டர் வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள். அந்த வண்டலைத் தனியாகச் சின்னக் கோப்பையில் குடிக்கும் வழக்கம் உண்டு. ரொட்டி மாவு மாதிரி இருக்கும், கெடுதல் இல்லை. சுவைத்துப் பார்க்கும் கோப்பையில் மட்டும் கலக்கக் கூடாது. கலங்கினால் ஓக்கின் நுணுக்கம் அத்தனையும் போய்விடும்.

இப்போது மூக்கை வையுங்கள். சாதாரண குவாட்ரூபலில் முதலில் வருவது பழுத்த வாழைப்பழம், உலர்திராட்சை, அத்தி, கிராம்பு, கருகத் தொடங்கிய சர்க்கரைப் பாகு. இந்தக் கறுப்பு நிறம் பெரும்பாலும் வறுத்த மால்ட்டால் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வருவதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெல்ஜியத்தில் காண்டி சர்க்கரையை நிறம் ஏறும் வரை காய்ச்சிய பாகைக் கொதிகலத்தில் சேர்க்கிறார்கள். சர்க்கரையை ஈஸ்ட் முழுதாகத் தின்றுவிடுவதால், 11 சதவீதம் இருந்தும் வாயில் பிசுபிசுப்பாக ஒட்டாமல் வறட்சியாக முடிகிறது. அதே பலத்தை மால்ட்டால் மட்டும் கொண்டுவந்தால் இரண்டாவது மிடறே திகட்டும். வாழைப்பழமும் கிராம்பும் ஈஸ்டின் பிள்ளைகள். நொதித்தல் 20 டிகிரியில் தொடங்கி 25க்கு மேல் ஏற விடுவதால் அவை இவ்வளவு தூக்கலாக வருகின்றன.

அடுத்து ஹெரிட்டேஜ். வாழைப்பழம் கிட்டத்தட்ட மறைந்திருக்கும். அந்த மணத்தைத் தரும் எஸ்டர் என்ற பொருள் மாதங்கள் போகப் போக உடைந்து குறைவது இயல்பு. அதன் இடத்தில் வனிலா, பேரீச்சை, பாதாம், சில நேரம் ஷெர்ரி ஒயினின் சாயல். ஓக் பலகையை நெருப்பில் வாட்டி வளைக்கும்போது மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் உடைந்து, வனிலா மணம் தரும் வனிலின் ஆகிறது. மரத்தின் லாக்டோன் தேங்காய் மணம் தரும். அமெரிக்க ஓக்கில் இது அதிகம், பிரெஞ்சு ஓக்கில் குறைவு. மரத்தில் உள்ள யூஜினால் என்ற பொருள் கிராம்பு மணம் தரும். இங்கேதான் குழப்பம். ஈஸ்டும் கிராம்பு, மரமும் கிராம்பு. அதனால்தான் இரண்டையும் ஒன்றாக வைத்துச் சுவைக்கச் சொன்னேன். முதல் கோப்பையில் இருந்த கிராம்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மரத்தினுடையது. ஈறுகளின் மேல் தேநீர் குடித்தது போன்ற லேசான பிடிப்பு இருந்தால் அது ஓக்கின் டானின், அதாவது துவர்ப்புப் பொருள்.

என் தராசு இதுதான்: பீப்பாய் பேசலாம், கத்தக் கூடாது. பூர்பன் என்ற அமெரிக்க விஸ்கியின் பீப்பாயில் வைத்த ஏல்களில் இந்தக் கத்தல் அதிகம். அமெரிக்கச் சட்டப்படி பூர்பனுக்குப் புதிதாகக் கருக்கிய ஓக் கலம்தான் வேண்டும். ஒருமுறை பயன்படுத்தியது மறுமுறை பூர்பனுக்கு ஆகாது. அதனால் அந்தப் பீப்பாய்கள் உலகெங்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. விஸ்கி ஊறிய மரத்தில் ஏல் போய் உட்கார்ந்ததும் வனிலாவும் தேங்காயும் சில வாரங்களிலேயே ஏறிவிடுகின்றன. ஆனால் பெல்ஜிய ஏலின் உயிர் பழ மணத்தில் இருக்கிறது. அதை மூடிவிட்டால் அது நல்ல பானமாக இருக்கலாம். பெல்ஜிய ஏலின் குணம் அதில் இருக்காது. ஒயின் பீப்பாயும் பிராந்திப் பீப்பாயும் இந்தப் பாணிக்கு நெருங்கிய உறவுகள்.

ப்ரூஜை விட்டுக் கிளம்பும் முன் ஒரு செய்தி. டி ஹல்வ மான் காய்ச்சுவது நகருக்குள், பாட்டிலில் அடைப்பது வெளியே. இரண்டுக்கும் நடுவே 2016 முதல் தெருக்களுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள குழாயில் பியர் ஓடுகிறது. கல் பாவிய பழைய தெருக்களில் டேங்கர் லாரிகள் ஓடுவதைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு.

அடுத்து ரூசலாரே. ப்ரூஜிலிருந்து கோர்ட்ரைக் செல்லும் ரயில் பாதையிலேயே இருக்கிறது. அரை மணிக்கும் குறைவான பயணம். 1821இல் தொடங்கிய ரோடன்பாக் ப்ரூவரி இங்கேதான். உள்ளே பார்க்க முன்பதிவு தேவை. இங்கே செய்வது குவாட்ரூபல் அல்ல, புளிப்பான செம்பழுப்பு ஏல். அவர்களுடைய கிராண்ட் க்ரூ என்ற ஏல் 6 சதவீதம்தான். கறுத்த ஏல் தேடிப் போகிறவர் ஏன் இங்கே இறங்க வேண்டும்? மரத்தில் வைத்த பியரில் எந்தப் புளிப்பு நல்லது, எது கேடு என்று நாக்குக்குப் பாடம் எடுக்க இதைவிட நல்ல பள்ளி கிடையாது.

294 ஓக் தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஃபூடர் என்று பெயர். பெரியவை 65,000 லிட்டர் கொள்ளும். பழுதுபார்க்கப் பீப்பாய்த் தச்சர்களை ஆலையே வைத்திருக்கிறது. இங்கே ஒரு கணக்கு. 225 லிட்டர் ஒயின் பீப்பாயோடு ஒப்பிட்டால், அதே வடிவில் 65,000 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் பியருக்குக் கிடைக்கும் மரப்பரப்பு ஆறில் ஒரு பங்குக்கும் குறைவுதான். அதனால் இரண்டு வருடம் கிடந்தாலும் ஃபூடர் பியரில் வனிலா தெரியாது. அங்கே மரத்தின் வேலை மணம் தருவதல்ல; தன் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாவையும் ஈஸ்டையும் காப்பது, காற்றைத் துளித்துளியாக உள்ளே விடுவது. சின்னப் பீப்பாயில் மணம், பெரிய தொட்டியில் புளிப்பு.

கிராண்ட் க்ரூவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருட ஃபூடர் பியர், மீதி இளம் பியர். குடிக்கும்போது இரண்டு விதப் புளிப்பையும் பிரித்துப் பாருங்கள். தயிர் போல நாக்கின் மேல் மென்மையாகப் பரவுவது லாக்டிக். மூக்கைக் குத்தி, தொண்டையில் கீறுவது அசிட்டிக், அதாவது வினிகர். ரோடன்பாக்கில் இரண்டாவது அளவோடு இருப்பது அழகு. பீப்பாய் குவாட்ரூபலில் அது கொஞ்சம் தூக்கலாக வந்தால்கூடக் குற்றம்தான்.

அந்தக் குற்றம் எப்படி வருகிறது என்றால், பீப்பாயில் இடைவெளி விட்டதால். ஓக் வழியாகத் திரவம் மெல்ல ஆவியாகும், மேலே காற்று சேரும், அசிட்டிக் பாக்டீரியா அந்தக் காற்றில் பிழைக்கும். கவனமுள்ள ஆலைகள் புதுப் பீப்பாயை முதலில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, பலகைகள் உப்பிக் கசிவு அடைபட்டதா என்று பார்க்கின்றன. பிறகு கார்பன் டையாக்சைடால் உள்காற்றை விரட்டி, கழுத்து வரை நிரப்புகின்றன. சுவை பார்க்க மேல் அடைப்பைத் திறப்பதில்லை. முன்பலகையில் துளையிட்டு, துருப்பிடிக்காத ஆணி அடித்து, அதைப் பிடுங்கி ஒரு வாய் பிடித்துவிட்டு மறுபடி அடைக்கிறார்கள். மாதம் ஒருமுறை இப்படி எடுத்துப் பார்த்து, கெட்ட பீப்பாயை ஒதுக்கி, நல்லவற்றைக் கலக்கிறார்கள். இந்தத் தொழிலின் உண்மையான திறமை கலப்பதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். பத்துப் பீப்பாயில் ஒன்று வினிகரானால் அதைக் கொட்டும் துணிவும் அதில் அடக்கம்.

ரூசலாரேயிலிருந்து கோர்ட்ரைக், அங்கே மாறி யீப்பர் வழியாகப் பொப்பரிங்க. ரயில் பாதை முடியும் ஊர். சுற்றிலும் உயரக் கம்பங்களில் படரும், பியருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் கொடியின் தோட்டங்கள். இங்கிருந்து வாடகை சைக்கிளில் வடக்கே போனால் வெஸ்ட்விளெட்டரனின் செயிண்ட் சிக்ஸ்டஸ் மடாலயம், மேற்கே போனால் வாத்தூ கிராமத்தில் செயிண்ட் பெர்னார்டஸ் ப்ரூவரி. தரை சமம், எதிர்க்காற்றுதான் சிரமம். பெல்ஜியத்தில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற எல்லை சைக்கிளுக்கும் உண்டு. ஒரு பாட்டில் குவாட்ரூபலே பலரை அந்த எல்லைக்கு மேல் கொண்டுபோய்விடும். ஒரே நாளில் இரண்டு இடமும் என்று திட்டமிட வேண்டாம். அல்லது டாக்சி பிடியுங்கள்.

சுற்றிப் பார்க்க வருபவர்களை மடாலயத்துக்குள் விடமாட்டார்கள். எதிரில் உள்ள ‘இன் டி வ்ரேட’ உணவகத்தில்தான் குடிக்க முடியும். வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மடாலயத்தின் குவாட்ரூபலான வெஸ்ட்விளெட்டரன் 12 (10.2 சதவீதம்) மரத்தையே தொடாதது. செயிண்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 (10 சதவீதம்) அதன் நெருங்கிய உறவு: 1946 முதல் 1992 வரை மடாலயத்தின் உரிமத்தோடு வாத்தூவில் காய்ச்சினார்கள். பீப்பாய் ஏலைத் தேடிப் போகிறவருக்கு இவை இரண்டும் அளவுகோல்கள். மரம் இல்லாமலேயே உலர்பழம், சாக்லேட், மசாலா எவ்வளவு தூரம் போகும் என்று இங்கே தெரிந்துகொண்டால், பிறகு சந்திக்கும் எந்தப் பீப்பாய் பாட்டிலையும் தைரியமாக எடைபோடலாம். கூடவே மடாலயத்துப் பாலாடைக்கட்டி வாங்குங்கள். கொழுப்பும் உப்பும் ஆல்கஹாலின் காரத்தைத் தணிக்கும். இனிப்புப் பண்டம் வேண்டாம், அதன் முன் ஏல் கசந்துபோகும்.

பாட்டில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. திறந்ததும் நகப்பூச்சு நெடி வந்தால் அது எத்தில் அசிடேட், பீப்பாயில் காற்றுப் புகுந்ததன் அடையாளம். ஈர அட்டைப்பெட்டி மணம் வந்தால் பாட்டிலில் அடைக்கும்போது ஆக்சிஜன் சேர்ந்திருக்கிறது. சோயா சாஸ் போல உப்புக்கரித்தால் ஈஸ்ட் செத்து உடைந்து பழசாகிவிட்டது. நுரையே எழவில்லை என்றால் முதலில் கோப்பையில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், 11 சதவீத ஆல்கஹாலில் களைத்துப்போன ஈஸ்டுக்குத் துணையாகப் புது ஈஸ்ட் போடாமல் அடைத்திருக்கலாம். அது சுவைக்கக் கூடியதே, தட்டையாக இருக்கும் என்பதுதான் குறை.

பாட்டில்களை வீட்டில் நிமிர்த்தியே வையுங்கள், கார்க் போட்டதாக இருந்தாலும். 12 முதல் 14 டிகிரி, இருட்டு. சாதாரண குவாட்ரூபல் ஐந்தாறு வருடம்கூடத் தாங்கும். பீப்பாயில் கிடந்தது ஏற்கெனவே ஒரு வருடம் மூத்தது; அதன் வனிலா மங்கத் தொடங்கும் முன், இரண்டு மூன்று வருடத்துக்குள் திறந்துவிடுவதே நல்லது. பயணப் பெட்டியில் வந்த பாட்டிலை அன்றைக்கே திறக்காதீர்கள். குலுங்கிய வண்டல் அடியில் உட்கார ஒரு வாரம் கொடுங்கள்.