ஐசி எண்ணும் குடும்பக் குழுவும்

இணையத்தில் நம் தனிப்பட்ட விவரங்களை எப்படிக் காப்பது என்று எதைப் படித்தாலும் கூகுள், குக்கீ, முகநூல் விளம்பரம் என்றுதான் தொடங்குகிறார்கள். சரி, அதுவும் தேவைதான். ஆனால் மலேசியாவில், பினாங்கில் என்னைச் சுற்றி இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் விவரம் வெளியே போகிற பெரிய வாசல் குடும்ப வாட்ஸ்அப் குழுதான். நம்ம ஆட்களே, பாசத்தோடு, மாலை போட்ட எமோஜியோடு அனுப்பி வைக்கிறார்கள்.

முதலில் ஐசி எண்ணை, அதாவது நம் அடையாள அட்டையான மைகார்டின் எண்ணைப் பாருங்கள். மொத்தம் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம்: பினாங்கு 07, கெடா 02, பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். 'எங்கள் அத்தைக்கு இன்று 50' என்று கேக் படத்தைப் பொதுவில் போட்டு, சொந்த ஊர் பினாங்கின் பட்டர்வொர்த் என்றும் எழுதிவிட்டால் எட்டு இலக்கத்தை ஊருக்கே சொன்ன மாதிரிதான். அப்பா பெயர் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று நம் பெயரோடேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மா பெயர் கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. இதற்குப் பிறகும் சில இடங்களில் போன் பண்ணினால் பிறந்த தேதியையும் அம்மா பெயரையும் கேட்டுத்தான் 'நீங்கள் நீங்கள்தானா' என்று சரிபார்க்கிறார்கள். என்னத்தைச் சொல்வது!

மிச்ச இலக்கங்களாவது ரகசியமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 2017 அக்டோபரில் லோயாட் டாட் நெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் வெளியிட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரம், அதில் ஐசி எண்ணும் வீட்டு முகவரியும் சேர்த்து, வெளியே கசிந்திருந்தது. நாட்டின் மக்கள்தொகையே அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம்தான். அந்தச் சமயத்தில் கைப்பேசி வைத்திருந்தவர்கள் தங்கள் எண் அதில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம். பாஸ்வேர்டு கசிந்தால் மாற்றிவிடலாம், ஐசி எண்ணை என்ன செய்ய முடியும்?

அதனால் நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: உங்கள் ஐசி எண் ஊருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே மிச்சத்தைச் செய்யுங்கள். மக்காவ் ஸ்கேம் என்கிற தொலைபேசி மோசடிக் கும்பல் பிழைப்பதே இதில்தான். போலீஸ், நீதிமன்றம், வருமான வரி, கூரியர் என்று ஏதோ ஒரு பெயரில் அழைப்பு வரும், எடுத்தவுடன் உங்கள் முழுப் பெயரையும் ஐசி எண்ணையும் கடகடவென்று ஒப்பிப்பார்கள், அதைக் கேட்டவுடன் வயதானவர்களுக்குக் கை நடுங்கிவிடும், இவ்வளவு தெரிந்தவன் அதிகாரியாகத்தான் இருப்பான் என்று நம்பிவிடுவார்கள். எண் தெரிந்தவனெல்லாம் அதிகாரி இல்லை என்பதை அம்மா, சித்தி, பெரியம்மா மனதில் பதிய வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பணம் போய்விட்டால் உடனே 997. அது தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண், 2022-இலிருந்து இருக்கிறது. வங்கியையும் அந்த நிமிடமே அழைக்க வேண்டும். பெயர் கெட்டுப்போகுமே என்று ஒரு இரவு யோசித்துவிட்டுக் காலையில் சொன்னால் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

இன்னொன்று, மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இசிசிஆர்ஐஎஸ் (eCCRIS) இணையச் சேவை. உங்கள் பெயரில் எந்தெந்த வங்கியில் என்ன கடன் இருக்கிறது என்பதை இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் வாங்காத கடன் ஏதாவது உங்கள் ஐசியில் உட்கார்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப் பாருங்கள்.

இப்போது குழுவுக்கு வருவோம். எஸ்பிஎம் என்கிற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வின் ரிசல்ட் வருகிற நாளில் எங்கள் குழு திருவிழாதான். பிள்ளை எத்தனை ஏ வாங்கினான் என்பதைச் சொல்லாமல் இருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது, சொல்லவும் வேண்டும், ஆனால் சொல்கிற விதம் ரிசல்ட் சிலிப்பை அப்படியே படம் எடுத்துப் போடுவது. அதில் பிள்ளையின் முழுப் பெயர், ஐசி எண், அங்கா கிலிரான் (தேர்வு எண்), பள்ளி எல்லாம் இருக்கிறது. குழுவில் போட்டது பத்து நிமிடத்தில் கோயில் குழுவுக்கும் முன்னாள் மாணவர் குழுவுக்கும் போய், யாரோ ஒருவரின் முகநூலில் 'வாழ்த்துகள்' என்று பொதுவில் நிற்கும். பதினேழு வயதுப் பிள்ளை வங்கிக் கணக்கை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே அவன் விவரம் ஊர் சுற்றியாகிவிட்டது. ஒருமுறை பெரியப்பாவுக்குத் தனியாக எழுதினேன்: 'பெரியப்பா, மார்க் மட்டும் தெரியுற மாதிரி வெட்டிப் போடுங்களேன், ஐசி நம்பர் தெரியுது.' 'நம்ம சொந்தக்காரங்க தானம்மா' என்று பதில் வந்தது. சொந்தக்காரர்கள்தான். குழுவில் நூற்றுக்கும் மேல் பேர், பாதி எண்கள் யாருடையது என்று அட்மினுக்கே தெரியாது.

இரங்கல் செய்தியில் மட்டும் நான் இந்த அளவுக்குக் கறாராக இருப்பதில்லை. பெயர், வீட்டு முகவரி, பிள்ளைகள் பெயர், இரண்டு தொடர்பு எண்கள், பத்து லஞ்சாங் மின்சுடலையில் எத்தனை மணிக்குத் தகனம், எல்லாம் அந்த அட்டையில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் எப்படி வருவார்கள்? அந்த நேரத்தில் போய் தனிப்பட்ட விவரம் என்று பாடம் எடுத்தால் அடி விழும். ஆனால் காரியம் எல்லாம் முடிந்த பிறகு, முகநூலில் பொதுவில் போட்ட அட்டையை எடுத்துவிடச் சொல்லலாம், அதில் தவறில்லை. துக்க வீட்டு முகவரியும் மகன் மகள் பெயரும் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

குழுவைத் தாண்டி வெளியே வந்தால் அடுக்குமாடி வாசலில் ஜாகா, அதாவது காவலாளி. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்பார். தனியார் பாதுகாவலருக்கு உங்கள் மைகார்டை வாங்கி வைத்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது. சிலர் சாமர்த்தியமாக லைசென்ஸை நீட்டுவார்கள், அதிலும் அதே ஐசி எண்தான் அச்சாகியிருக்கிறது! பெயர், கார் எண், போகிற வீட்டு எண் எழுதிக்கொள்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விடாதவரிடம் சண்டை போடாமல், போகிற வீட்டுக்காரரைக் கீழே வரச் சொல்லிவிடுவேன். ஜாகாவும் பாவம், மேனேஜ்மென்ட் சொன்னதைச் செய்கிறார்.

ஐசி நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு 'இன்ன காரியத்துக்கு மட்டும்' என்று எழுதுவது நம் ஊரில் பழைய பழக்கம். தாளில் ஒழுங்காகச் செய்கிற அதே மனிதர்கள் கைப்பேசியில் மட்டும் பளிச்சென்று வெறும் படத்தை அனுப்புகிறார்கள். எடிட்டில் போய்க் கோடு இழுத்து, வாங்குபவர் பெயரும் தேதியும் எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அனுப்பும்போது ஒருமுறை மட்டும் பார்க்கிற வசதியில் அனுப்புங்கள், அப்புறம் உங்கள் கேலரியிலிருந்தும் அழித்துவிடுங்கள், ஏனென்றால் கைப்பேசி தொலைந்தால் அதுவும் சேர்ந்துதான் போகும்.

கூகுளில் உங்கள் முழுப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? சங்கம், போட்டி, பயிற்சி முகாம் என்று எப்போதோ கலந்துகொண்டதன் பெயர்ப் பட்டியல் பிடிஎப் ஆகக் கிடைக்கலாம், சிலவற்றில் ஐசி எண்ணோடு. அரசு அடையாள எண் தெரிகிற பக்கத்தைத் தேடல் முடிவிலிருந்து நீக்கச் சொல்லி கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது தேடலிலிருந்துதான் மறையும், மூலப் பக்கம் அங்கேயே இருக்கும், அதை வைத்திருப்பவருக்குத் தனியாக எழுத வேண்டும். முகநூலில் பழைய பொதுப் பதிவுகளை எல்லாம் ஒரே அழுத்தில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுகிற அமைப்பு இருக்கிறது, பலர் அதைப் பார்த்ததே இல்லை. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண் (PIN) போடுவதும், யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்பதை மாற்றுவதும் அதோடு சேர்த்துச் செய்கிற வேலை.

சட்டம் இல்லையா என்று கேட்பார்கள். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, நடைமுறைக்கு வந்தது 2013 நவம்பரில். பேரங்காடி அதிர்ஷ்டக் குலுக்கலில் எழுதிக்கொடுத்த எண்ணுக்கு விளம்பர அழைப்பு வந்துகொண்டே இருந்தால், நேரடி விளம்பரத்துக்கு என் தகவலைப் பயன்படுத்தாதே என்று அந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் சொல்ல 43-ஆவது பிரிவு உரிமை தருகிறது. 2024 திருத்தத்தில் அபராதத்தின் உச்சவரம்பை 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்த்தினார்கள். 2025 ஜூன் முதல், பெரிய பாதிப்பு வரக்கூடிய விதத்தில் தரவு கசிந்தால் நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் கூட்டரசு, மாநில அரசுகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. சொந்த, குடும்பக் காரியங்களுக்காக ஒருவர் வைத்திருக்கும் தகவலையும் தொடாது. பெரியப்பா மேல் கேஸ் போட வழியில்லை!

ஆகவே கெஞ்சல்தான். இப்போது எங்கள் குழுவில் ரிசல்ட் சிலிப்பை வெட்டித்தான் போட வேண்டும் என்று அட்மின் அக்கா ஒரு செய்தியைப் பின் பண்ணி வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டு முகவரி, இரண்டு பக்கத்து அம்மா அப்பா பெயர், நாலு கைப்பேசி எண்களோடு ஒரு கல்யாணப் பத்திரிகை நேற்று அதற்கு நேர் கீழேயே வந்து விழுந்தது. யாரிடம் முதலில் பேசுவது என்று அக்காவும் நானும் இன்னும் முடிவு செய்யவில்லை.