கொல்லையில் கிடந்த மரத்துண்டு

இன்று காலை குடியாத்தத்தில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் கிடந்த மாமரத் துண்டைப் புரட்டினேன். மழையில் ஊறி, விசிறி விசிறியாகக் காளான் பூத்திருந்தது. விரலால் கிள்ளினால் மரம் நார் நாராக வந்தது, பழுப்பே இல்லை, பஞ்சு மாதிரி வெளுத்துப்போய்.

சித்தப்பா லுங்கி நூலுக்குச் சாயம் போடுகிறவர். நக ஓரமெல்லாம் நீலம்.

"எவ்ளோ தேய்ச்சாலும் போகாதுப்பா" என்றார்.

போகாத சாயத்தையும் இந்தப் பூஞ்சை உடைக்கும் என்றேன். நம்பவில்லை.

மரத்துக்கு உறுதி தருவது லிக்னின். அது ஒழுங்கே இல்லாத பின்னல் என்பதால், அதைத் தின்னும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளின் நொதிகளும் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று இருப்பதில்லை. மூலக்கூறின் வடிவத்தைப் பெரிதாகப் பார்க்காமல் எலக்ட்ரானைப் பிடுங்கிவிடும். அந்தப் பிடியில் அசோ என்ற செயற்கைச் சாய வகையும் சிக்கி நிறமிழக்கிறது.

அந்த நொதிகளில் ஒன்றான லாக்கேஸை 1883இலேயே ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொரு நொதியான லிக்னின் பெராக்சிடேஸ் தெரிய வந்தது சரியாக நூறு வருஷம் கழித்து, 1983இல்.

ஆனால் ஆய்வகக் குடுவை வேறு, சாயத் தொட்டி வேறு. உப்பு, சோடா, சூடு, போதாக்குறைக்குப் பூஞ்சையை முந்திக்கொண்டு வளரும் பாக்டீரியா. அதனால்தான் சாயக் கழிவைப் பூஞ்சையால் வெளுக்கும் வழி இன்னும் பட்டறைக்கு வந்து சேரவில்லை. தோல் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கிய மாவட்டம் நம்முடையது. இந்தச் சாயக் கழிவு ஆராய்ச்சிக்கும் இங்கேயே யாராவது உட்கார வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

துண்டை அடுப்புக்கு வைத்திருந்தார் சித்தப்பா. எரிக்க வேண்டாம், நிழலிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.