கெனி டல்க்ளிஷ்: எங்கட காலத்து ஏழாம் நம்பர்

மலருக்குப் பள்ளிக்கூட நினைவு ஏதும் எழுதித் தாங்கோ எண்டு சங்கத்தில கேட்டவை. வகுப்பு, ஹொஸ்டல், பிரின்சிப்பல் பற்றி எழுத வேற ஆக்கள் இருக்கினம், நான் பந்தடிக்கிற கூட்டம், அந்த நாளெண்டால் எனக்கு முதலில வாறது இங்கிலாந்து லிவர்பூல் ரீமின்ர பிளேயர் கெனி டல்க்ளிஷ்தான். லண்டனில இருந்த ஒரு அண்ணர் அனுப்பின வீடியோ கசற், டெக்கை வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் போட்டு, ஒரு வீட்டு விறாந்தையில ரீம் முழுக்க இருந்து பாத்தனாங்கள். 1978 ஐரோப்பியக் கப் பைனல், வெம்ப்ளி, லிவர்பூலும் பெல்ஜியத்துக் கிளப் ப்ரூக்கும். லிவர்பூலின்ர சூனெஸ் பெனால்டி பொக்ஸுக்குள்ள ஒரு பந்தை மெல்லமா விடுறார், டல்க்ளிஷ் ஓடி வந்து எடுக்கிறார், உடன அடிப்பார் எண்டுதான் எல்லாரும் நினைக்கிறம், அவர் அடிக்கேல்ல. கோல்கீப்பர் யென்சன் கீழ விழுமட்டும் பொறுக்கிறார், விழுந்தாப்பிறகு அவருக்கு மேலால தூக்கிப் போட்டிட்டு விளம்பரப் பலகையத் தாண்டிப் பாய்ஞ்சு சனத்திட்ட ஓடுறார். ஒண்டுக்குச் சைபர், கப் லிவர்பூலுக்கு. எங்கட மாஸ்டர் அந்த இடத்தை ரீவைண்ட் பண்ணி ரீவைண்ட் பண்ணிக் காட்டினவர், அடுத்த நாள் பிராக்டிஸில கோல்கீப்பர் விழமுதல் அடிச்ச ஆளுக்கெல்லாம் கிரவுண்டைச் சுத்தி ஓட்டம்.

டல்க்ளிஷ் 1951 மார்ச் 4 கிளாஸ்கோவில டால்மார்னக் எண்ட இடத்தில பிறந்தவர். வளந்தது ரேஞ்சர்ஸ் கிரவுண்ட் ஐப்ரொக்ஸுக்குக் கிட்ட, சின்னனில அவர் ரேஞ்சர்ஸ் பைத்தியம். கிளாஸ்கோவில ரேஞ்சர்ஸ் புரட்டஸ்தாந்துக்காரர், செல்டிக் கத்தோலிக்கர் எண்டு சனம் பிரிஞ்சு நிண்ட காலம். செல்டிக்கிலயிருந்து ஷோன் ஃபலன் பெடியனைச் சைன் பண்ண வீட்டுக்கு வந்தபோது, அறைச் சுவரில ஒட்டியிருந்த ரேஞ்சர்ஸ் படங்களை அவசரமாக் கழட்டினவராம். அது 1967, செல்டிக் ஐரோப்பியக் கப்பை எடுத்த முதலாவது பிரித்தானியக் கிளப்பான வருசம். மனேஜர் ஜொக் ஸ்டீன் இவரை அவசரப்பட்டு இறக்கேல்ல, கம்பர்னோல்ட் யுனைற்றட் எண்ட சின்னக் கிளப்புக்கு அனுப்பி அடிபட்டுப் பழக விட்டவர். அங்க பழகின பெடியன் பிறகு செல்டிக்கோட நாலு லீக் எடுத்து கப்டனும் ஆனவர்.

1977 ஆகஸ்ட்டில லிவர்பூல் 4,40,000 பவுண்ஸ் குடுத்து வாங்கினது, அப்ப பிரித்தானியக் கிளப்புகளுக்கிடையில அதுதான் ரெக்கோர்ட். கெவின் கீகன் ஜெர்மனிக்குப் போன இடத்துக்கு இவர், அதே ஏழாம் நம்பர். கீகன்ர இடத்தை நிரப்பேலாது எண்டு கதைச்ச சனம் ஒரு சீசனிலேயே கதையை மாத்தினது. ஆள் வேகமான ஓட்டக்காரன் இல்லை, உயரமும் இல்லை. டிஃபென்டருக்கு முதுகைக் குடுத்து, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு பந்தை மறைச்சு நிப்பார், நிக்கேக்கயே கூட விளையாடின கோலடிகாரன் இயன் ரஷ் எங்க ஓடுவார் எண்டு அவருக்குத் தெரியும், பந்து அங்க போயிருக்கும். லிவர்பூலுக்கு 515 மச்சில 172 கோல், மூண்டு ஐரோப்பியக் கப், ஸ்கொட்லாந்துக்கு 102 மச்சும் 30 கோலும். ஆனா நான் அவரின்ர கோலை விட அவர் மற்றவைக்கு எடுத்துக் குடுத்ததுகளைத்தான் கூடப் பாக்கிறனான், மனேஜரான பிறகும் அவர் அப்பிடித்தான் இருந்தவர் எண்டது என்ர எண்ணம்.

மனேஜர் வேலை வந்த நேரம் மோசமான நேரம். 1985 மே 29 பிரசல்ஸ் ஹெய்சல் ஸ்டேடியத்தில லிவர்பூல் - யுவென்டஸ் ஐரோப்பியக் கப் பைனலுக்கு முதல் 39 பேர் செத்தது, கூடுதலா இத்தாலிக்காரர், லிவர்பூல் சனம் பாய்ஞ்சு வந்ததில சுவர் இடிஞ்சது. பழைய மனேஜர் ஜோ ஃபேகன் விலகுற முடிவில இருந்தவர், அடுத்த நாளே 34 வயசு டல்க்ளிஷ் பிளேயர்-மனேஜர், விளையாடிக்கொண்டே ரீமையும் நடத்துறவர். இங்கிலீஷ் கிளப்புகள் ஐரோப்பாவில விளையாடத் தடை வந்தது. அதால அவர் கட்டின அந்த அருமையான ரீம் ஒருநாளும் ஐரோப்பியக் கப்பில இறங்கேல்ல, எனக்கு இண்டைக்கும் பெரிய குறையாத் தெரியிறது அதுதான். முதல் சீசனிலேயே லீக்கும் எஃப்.ஏ. கப்பும் ரெண்டும். 1986 மே 3 செல்சியில லீக்கை வென்ற கோலை அடிச்சதும் அவரே, ஜிம் பெக்லின் தூக்கிக் குடுத்ததை நெஞ்சில வாங்கி, கீழ விழ விழ அடிச்சார். நாங்கள் அதை பிபிசி சிற்றலையில இரைச்சலுக்குள்ள கேட்டனாங்கள். பிறகு ரஷ் யுவென்டஸுக்குப் போக ஆல்ட்ரிட்ஜ், பார்ன்ஸ், பியர்ட்ஸ்லி, ஹோட்டன் எண்டு புதுசாக் கட்டி, 1987-88 சீசனில முதல் 29 லீக் மச்சும் தோக்கேல்ல.

1989 ஏப்ரல் 15க்கு நான் லண்டன் வந்திட்டன், அறையில ரீவியில பாத்தது. ஷெஃபீல்ட் ஹில்ஸ்பரோ, எஃப்.ஏ. கப் செமி பைனல், நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டோட. மூண்டு மணி ஆறு நிமிசத்துக்கு மச்சை நிப்பாட்டிட்டினம், லெப்பிங்ஸ் லேன் பக்கத்துக் கம்பிக்கூண்டுக்குள்ள சனம் நசிஞ்சு சாகுது, விளம்பரப் பலகையைப் பிடுங்கி ஸ்ட்ரெச்சராக்கிக் காயப்பட்ட ஆக்களைத் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். பொலிஸ் கேட்க டல்க்ளிஷ் மைக்கில கதைச்சு அமைதியா இருங்கோ எண்டு கேட்டவர். 97 பேர் செத்தவை, கடைசி ஆள் காயத்தோட 2021 மட்டும் இருந்து செத்தது. டல்க்ளிஷ் 1971ல ஐப்ரொக்ஸ் படிக்கட்டில 66 பேர் செத்த அண்டும் அங்க இருந்தவர், ஹெய்சலிலயும் இருந்தவர், இது மூண்டாவது.

அதுக்குப் பிறகு அவர் செய்தது மனேஜர்ர வேலையில வாறதில்லை. லிவர்பூலின்ர கிரவுண்ட் அன்ஃபீல்டைத் திறந்து விட்டினம், கிரவுண்ட் பாதிக்குப் பூ. பிளேயர்ஸும் அவையின்ர மனுசிமாரும் செத்த ஆக்களின்ர குடும்பங்களோட இருந்தவை, டல்க்ளிஷின்ர மனுசி மரினா முன்னுக்கு நிண்டவ. டல்க்ளிஷ் செத்தவீடுகளுக்குப் போனவர், ஒரு நாளில நாலு செத்தவீட்டுக்கும் போயிருக்கிறார். கோமாவில கிடந்த ஒரு பெடியன் இவர் கட்டிலடியில நிக்கேக்க கண் முழிச்சவன். சன் பத்திரிகை சனத்தின்ர தலையில பொய்யைப் போட்டபோது, எப்பிடிச் சரிக்கட்டலாம் எண்டு எடிட்டர் போன் எடுத்து இவரைக் கேட்டிருக்கிறார், நாங்கள் பொய் சொன்னம் எண்டு அதேயளவு பெரிய எழுத்தில போடு எண்டிருக்கிறார் இவர், ஏலாதாம், அப்ப நானும் ஒண்டும் செய்யேலாது எண்டு கதையை முடிச்சிட்டார். 2016ல நீதி விசாரணை அது சட்டவிரோதக் கொலை எண்டும் சனத்தில பிழையில்லை எண்டும் தீர்ப்புச் சொல்ல 27 வருசம் எடுத்தது, அதுவரைக்கும் அந்தக் குடும்பங்களை அவர் விட்டதில்லை.

தனக்கு எண்டு ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கேல்ல. அதுதான் பிறகு அவரின்ர உடம்பைப் பாதிச்சது. உடம்பெல்லாம் தோல் தடிக்கத் தொடங்கியிருக்கு. 1991 பெப்ரவரி 20 எவர்ட்டனோட 4-4, லிவர்பூல் நாலு தரம் முன்னுக்குப் போன மச், என்ன மாத்தவேணும் எண்டு தெரிஞ்சும் முடிவெடுக்க ஏலாமல் நிண்டதைப் பிறகு அவரே சொன்னவர். ரெண்டு நாளில ராஜினாமா. ரீம் அப்ப லீக்கில முதலாவது. சனம் திகைச்சது, சிலர் கோவிச்சவை, எனக்கு விளங்கினது, எங்கட ஆக்களிலயும் இழவு வீடுகளுக்கெல்லாம் முன்னுக்கு நிண்டு செய்துபோட்டு பிறகு தாங்களே விழுந்து படுத்த மனுசரை எனக்குத் தெரியும்.

அந்த வருசம் ஒக்டோபரில ப்ளக்பேர்ன், லங்காஷயரில ஒரு பழைய மில் ரவுன், ரெண்டாம் டிவிஷன். இரும்பு வியாபாரி ஜாக் வோக்கர் காசு போட, ஷியரரையும் பிறகு சட்டனையும் வாங்கினவர். பிறகு ப்ளக்பேர்ன் எடுத்த லீக்கைக் காசால வாங்கின கப் எண்டு சொல்லுறவை இருக்கினம், அதுக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டன், மான்செஸ்டர் யுனைற்றட்டிட்டயும் காசு இருந்ததுதானே. லீக்கை முடிவாக்கின 1995 மே 14 கடைசி மச் அன்ஃபீல்டிலேயே வந்தது. லிவர்பூல் 2-1 வென்றிட்டுது, ஆனா யுனைற்றட் வெஸ்ட் ஹாமில 1-1, ஒரு புள்ளியால, 89க்கு 88, ப்ளக்பேர்ன் 1914க்குப் பிறகு சம்பியன். தோத்த ரீமின்ர மனேஜருக்கு லிவர்பூல் சனம் எழும்பி நிண்டு கை தட்டினது.

நியூகாசில், பிறகு செல்டிக்கில கொஞ்சக்காலம், அதுகள் பெரிசாச் சரிவரேல்ல. 2011 ஜனவரியில திரும்ப லிவர்பூல், அடுத்த வருசம் லீக் கப் எடுத்தும் மே மாதம் வேலை போனது. அந்த நேரம் லிவர்பூல் பிளேயர் ஸ்வாரெஸ், யுனைற்றட்டின்ர கறுப்பினப் பிளேயர் எவ்ராவுக்குச் சொன்ன நிறவாதப் பேச்சுக்கு எட்டு மச் தடை வாங்கினபோது டல்க்ளிஷ் அவருக்காக நிண்டது எனக்குப் பிடிக்கேல்ல. கறுப்பினப் பிளேயர் பார்ன்ஸைக் கொண்டு வந்த மனுசன் எவ்ராவின்ர பக்கத்தையும் கேட்டிருக்கவேணும், இந்த நாட்டில றோட்டில பேச்சு வாங்கின எங்களுக்கு அது சின்ன விசயமில்லை. தன்ர ஆளை விட்டுக்குடுக்காத அதே குணம்தான் அங்க அவரைப் பிழையான பக்கம் நிப்பாட்டினது.

2017ல அன்ஃபீல்டில ஒரு ஸ்டாண்டுக்கு அவரின்ர பேர், அடுத்த வருசம் சேர் பட்டம். மரினாவுக்குப் புற்றுநோய் வந்து சுகப்பட்டபிறகு ரெண்டு பேருமா நிதி சேத்து லிவர்பூல் எய்ன்ட்ரீ ஆஸ்பத்திரியில புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு கட்டடம் கட்டிக் குடுத்தவை. எங்கட சங்கத்தின்ர இந்த வருச ஃபைவ்-அ-சைட் காசில ஒரு பங்கை அந்த நிதிக்கு அனுப்பலாம் எண்டு கமிட்டியிட்டக் கேட்டிருக்கிறன், அந்த விறாந்தையில இருந்து படம் பாத்த ஆக்கள் ஆராவது இதை வாசிச்சால் கமிட்டிக்கு நீங்களும் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.