இரண்டாவது கையெழுத்து

தமிழகத்தில் மருத்துவம் படித்துவிட்டு இங்கிலாந்துக்கு வந்த புதிதில், தகனப் படிவத்தில் கையெழுத்திட்டால் கிடைக்கும் தொகையை இளநிலை மருத்துவர்கள் ‘சாம்பல் காசு’ என்று சொன்னது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. சில மாதங்களில் பழகிவிட்டது. உடலைத் தகனம் செய்யுமுன், சிகிச்சை அளித்த மருத்துவர் மரணக் காரணத்தை எழுதி ஒரு படிவத்தை நிரப்ப, வேறொரு மருத்துவர் விசாரித்து இரண்டாவது படிவத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பது அன்றைய விதி. நான் சவக்கிடங்குக்குப் போய் உடலைப் பார்ப்பேன், சக மருத்துவரிடம் ஓரிரு கேள்விகள் கேட்பேன், கையெழுத்திடுவேன். இறந்தவரின் வீட்டாரிடம் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

அந்தக் கையெழுத்து எதைத் தடுப்பதற்காக இருந்தது என்பது, ஹரால்டு ஷிப்மன் பற்றிய விசாரணை அறிக்கைகளைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மான்செஸ்டரை அடுத்த ஹைட் நகரில் குடும்ப மருத்துவராக இருந்த அவர், 15 பெண்களைக் கொன்ற குற்றத்துக்காக 2000 ஜனவரியில் ஆயுள் தண்டனை பெற்றார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை, 2002இல் வெளியிட்ட முதல் அறிக்கையில், அவரால் கொல்லப்பட்டவர்கள் 215 பேர் என்று முடிவு செய்தது. பெரும்பாலோர் முதிய பெண்கள். பலர் பகல் நேரத்தில், தனியாக இருந்த வீட்டில், அன்றாட உடையிலேயே நாற்காலியில் அமர்ந்தபடி இறந்து கிடந்தார்கள். ஷிப்மன் பயன்படுத்தியது, கடும் வலியைத் தணிக்கத் தரப்படும் டயமார்ஃபின் (ஹெராயின்).

இப்போது மரணங்களை ஆராயும் மெடிக்கல் எக்ஸாமினராகப் பணியாற்றும் நான், இளம் மருத்துவர்களுக்கு இந்த வழக்கை விளக்கும்போதெல்லாம் அவர்கள் முதலில் கேட்பது, “அவர் ஏன் கொன்றார்?” என்பதுதான். குரல்களுக்கோ காட்சிகளுக்கோ கட்டுப்பட்டுக் கொல்பவர், ஒரு பிரிவினரை ஒழிப்பதே கடமை என்று நம்புபவர், இன்பத்துக்காகவோ ஆதாயத்துக்காகவோ கொல்பவர், பிறர் உயிர்மீது அதிகாரம் செலுத்த விரும்புபவர் என்று தொடர் கொலையாளிகளை ஹோம்ஸ், டிபர்கர் என்ற ஆய்வாளர்கள் வகுத்த பிரிவுகளைச் சிலர் படித்திருப்பார்கள். சிறையிலிருந்த 36 கொலையாளிகளிடம் எஃப்.பி.ஐ. எடுத்த நேர்காணல்களிலிருந்து பரவலான ‘திட்டமிட்டவர், திட்டமிடாதவர்’ என்ற பிரிவையும் சொல்வார்கள். அந்தப் பிரிவை 100 அமெரிக்கத் தொடர் கொலையாளிகளின் வழக்குகளில் உளவியலாளர் டேவிட் கேன்டர் குழுவினர் சோதித்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி இரு தனி வகைகள் தென்படவில்லை.

ஷிப்மனை எந்த வகையில் சேர்ப்பது? கடைசியாகக் கொல்லப்பட்ட 81 வயதுப் பெண்மணியின் பெயரில் 3,86,000 பவுண்டு சொத்துக்குப் போலி உயில் தயாரித்தார் என்பதால் ஆதாயம் என்று சொல்லலாம். ஆனால் பெரும்பாலான கொலைகளில் அவருக்குப் பணம் கிடைக்கவில்லை. அவருடைய 17ஆவது வயதில் தாய் புற்றுநோயால் இறந்ததையும், வலி தணிக்க அந்தத் தாய்க்கு வீட்டிலேயே மார்ஃபின் போடப்பட்டதையும் காரணமாகக் காட்டுவோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை; அதே துயரத்தைச் சிறுவயதில் பட்டு, அதனாலேயே கனிவான மருத்துவர்களானவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அவர் 2004இல் வேக்ஃபீல்டு சிறையில் தூக்கிட்டு இறந்தார்.

மாணவர்களை நான் லிண்டா ரெனால்ட்ஸிடம் அழைத்துச் செல்வேன். ஷிப்மனின் படிவங்களில் இரண்டாவது கையெழுத்திட்டு வந்த பக்கத்து மருத்துவகத்தின் மருத்துவர் அவர். தங்களிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு நோயாளிகள் இருந்தும், ஷிப்மனிடம் இறப்பவர்கள் அதிகமாக இருப்பதை எண்ணிப் பார்த்து, 1998 மார்ச்சில் மரண விசாரணை அதிகாரியிடம் தெரிவித்தார். ஷிப்மனின் மனம் எப்படிப்பட்டது என்று அவர் ஊகிக்கவில்லை. எண்ணிக்கையும், இறந்தவர்கள் கிடந்த விதமும் இயல்பாக இல்லை என்றார். காவல்துறை மேலோட்டமாக விசாரித்து முடித்துக்கொண்டது. அதன் பிறகு மேலும் மூவர் கொல்லப்பட்டார்கள். மூன்றாமவரான அந்த 81 வயதுப் பெண்மணியின் மகள் ஒரு வழக்கறிஞர். உயில் போலி என்று அவர் கண்டுபிடித்த பிறகே எல்லாம் வெளிவந்தது.

2005இல் எஃப்.பி.ஐ. கூட்டிய வல்லுநர் கருத்தரங்கு, வெவ்வேறு நிகழ்வுகளில் இருவரையோ அதற்கு மேற்பட்டோரையோ கொல்வது தொடர் கொலை என்று வரையறுத்தது. அந்த வரையறையில் காரணம் இடம்பெறவில்லை. என் வேலையும் அங்கேதான் தொடங்குகிறது.

2024 செப்டம்பர் 9 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும் எங்களில் ஒருவர் ஆராய வேண்டும் என்பது சட்டம். மருத்துவக் குறிப்புகளைப் படித்த பின் வீட்டாரிடம் பேசி, “இந்த மரணத்தில் உங்களை உறுத்துவது ஏதாவது உண்டா?” என்று கேட்கிறோம். பலர் நன்றி சொல்லி முடித்துக்கொள்வார்கள். சிலர் நெடுநேரம் பேசுவார்கள். அண்மையில் ஒரு மகள், தாயின் மருந்துப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, அது எதற்குக் கொடுக்கப்பட்டது என்று கேட்டார். விடை கிடைக்கும்வரை அந்தச் சான்றிதழில் நான் கையெழுத்திடவில்லை.