ரொறன்ரோ நாட்குறிப்பு: வசிக்காத நாட்டுக்கு வரி

2025 பெப்ரவரி 18

வங்கியிலிருந்து இன்று ஒரு படிவம் வந்தது. நான் அமெரிக்கக் குடிமகளா என்றும், ஆம் எனில் என் அமெரிக்க வரி இலக்கம் என்ன என்றும் கேட்டிருக்கிறார்கள். 2010 இல் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய ஃபட்கா சட்டத்தின்படி, அமெரிக்கர்களின் கணக்கு விபரங்களைத் தர மறுக்கும் வெளிநாட்டு வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து வரும் கொடுப்பனவுகளில் 30 சதவீதம் பிடித்துக்கொள்ளப்படும். கனடா 2014 இல் இதற்கு உடன்பட்டது. வங்கிகள் விபரங்களைக் கனடா வருமான முகமைக்குக் கொடுக்க, அது அவற்றை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்பிவைக்கிறது. இந்த ஏற்பாடு தனிமனித உரிமைகளை மீறுகிறது என்று இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கைக் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 2019 இல் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே, மறைக்க எதுவும் இல்லாத நானும் படிவத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் வேண்டும்.

2025 மார்ச் 9

நியூ ஜேர்சியில் வேலை செய்த காலத்தில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றேன். திருமணமாகி, மகனும் பிறந்த பிறகு ஸ்காபரோவுக்கு வந்து, கனடியக் குடியுரிமையும் பெற்று, இங்கேயே வாழ்கிறேன். உலகின் பெரும்பாலான நாடுகள் தம் எல்லைக்குள் வசிப்பவரிடமே முழு வருமானத்துக்கும் வரி கேட்கின்றன. அமெரிக்காவோ தன் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும், எங்கே உழைத்தாலும் கேட்கிறது. வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் 2 சதவீதம் அறவிடும் எரித்திரியாவைத்தான் இதற்கு ஒப்பாகச் சொல்வார்கள்.

மெக்சிகோவில் வாழ்ந்த குக் என்ற அமெரிக்கர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், குடிமகன் எங்கிருந்தாலும் அரசு அவனுக்கும் அவன் சொத்துக்கும் நன்மை செய்கிறது என்று காரணம் காட்டி, 1924 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வரியை ஏற்றுக்கொண்டது. அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகனின் பள்ளிக்கூடமும், அம்மா போகும் மருத்துவமனையும், நான் ஏறும் பேருந்தும் ஒன்ராறியோவில் நான் கட்டும் வரியில் நடக்கின்றன. வரி வசிக்கும் இடத்தைச் சார்ந்திருப்பதே நியாயம்.

2025 ஏப்ரல் 13

சாப்பாட்டு மேசை முழுவதும் கடதாசிகள். கனடாவில் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழிக்கலாம் என்பதாலும், இங்கே வரி வீதம் கூடுதல் என்பதாலும், சம்பளத்துக்காக நான் அமெரிக்காவுக்குக் கட்டவேண்டிய தொகை பூச்சியமாகவே வருகிறது. அந்தப் பூச்சியத்தைக் காட்டுவதற்குக் கணக்காளருக்குப் பல நூறு டொலர் கொடுக்கிறேன்.

வரியோடு முடிவதில்லை. கனடாவின் வரியற்ற சேமிப்புக் கணக்கில் வரும் வட்டி அமெரிக்காவில் வரிக்குரியது. இங்கே எல்லோரும் வாங்கும் பரஸ்பர நிதி அமெரிக்க வரித்துறையின் கண்ணுக்கு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம். அதற்கு 8621 என்ற தனிப் படிவம். வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளாவது 10,000 அமெரிக்க டொலரைத் தாண்டினால், எல்லாக் கணக்குகளையும் அமெரிக்கத் திறைசேரிக்கு அறிவிக்க வேண்டும். ருமேனியாவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிட்னர் என்பவர் அறிக்கைகளைப் பிந்தி அனுப்பியதற்கு 27 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதித்தார்கள். தண்டம் கணக்குக்கு ஒன்றல்ல, ஆண்டறிக்கைக்கு ஒன்றே என்று 2023 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகே அது 50,000 ஆகக் குறைந்தது.

கட்டணங்களைச் செலுத்த வசதியாக, அம்மா தன் கணக்கில் என்னையும் கையொப்பமிடுபவராகச் சேர்த்திருந்தார். அதனால் அவருடைய முதியோர் ஓய்வூதியம் விழும் கணக்கையும் நான் அறிவிக்க வேண்டும். இலக்கத்தைக் கேட்டபோது, "பிள்ளை, என்ர பென்சன் காசை நான் ஏன் அவைக்குக் காட்ட வேணும்?" என்றார். அமெரிக்க மண்ணில் ஒரு நாளும் வாழாத அவருக்குச் சொல்ல என்னிடம் நியாயமான பதில் இல்லை.

2025 ஜூன் 22

வீட்டை விற்கும் யோசனை வந்ததால் அதையும் விசாரித்தேன். குடியிருந்த வீட்டை விற்று வரும் இலாபத்துக்குக் கனடாவில் வரி இல்லை. அமெரிக்கச் சட்டம் ஒருவருக்கு 250,000 டொலர் வரையே விலக்குத் தருகிறது. கனடா வரி வாங்காததால் கழிப்பதற்கும் ஒன்றும் இல்லை. நியூயோர்க்கில் பிறந்த, பிரித்தானியாவின் முன்னாள் பிரதமர் பொரிஸ் ஜோன்சன் லண்டன் வீட்டை விற்றபோது சிக்கியது இதில்தான். பின்னர் அவர் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்.

2025 ஓகஸ்ட் 17

அமெரிக்கக் குடியுரிமையைத் துறப்பது என்று முடிவெடுத்துவிட்டேன். தூதரக அதிகாரி முன் நேரில் சத்தியம் செய்ய வேண்டும். இந்த 2025 இல் கட்டணம் 2,350 டொலர். 2014 வரை அது 450 ஆக இருந்தது. மீண்டும் 450 ஆக்கப்போவதாக 2023 இல் அறிவித்தார்கள், ஆனால் நான் இதை எழுதும் நாள்வரை குறைக்கவில்லை. நிகரச் சொத்து 20 இலட்சம் டொலரை எட்டினால், துறப்பதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் விற்றதாகக் கருதி வெளியேறும் வரி கணக்கிடுவார்கள். எனக்கு அவ்வளவு இல்லை. ஆனால் கடந்த ஐந்து ஆண்டுகளின் வரிக் கடமைகள் அனைத்தையும் நிறைவேற்றியதாக 8854 படிவத்தில் உறுதி கூறாதவரும், சொத்து எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதே வகையில் சேர்க்கப்படுவார். சாதாரண மனிதர் அகப்படுவது இந்த விதியில்தான். துறந்தவர்களின் பெயர்களை அரசிதழில் வெளியிடுவதும் வழக்கம். தவறு செய்யாதவர்களை இப்படிப் பட்டியலிடுவது எனக்கு மனவருத்தம் தருகிறது.

2025 செப்டம்பர் 7

துணைத் தூதரகத்துக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. மகனுக்காக நான் துறக்க முடியாது. அந்த உரிமை அவனுக்கு மட்டுமே உண்டு. அமெரிக்காவில் படிக்க விரும்புவதால் இப்போதைக்குக் குடியுரிமையை வைத்திருக்கப் போவதாகச் சொல்கிறான், அதுவும் சரியே. பகுதிநேர வேலைச் சம்பளம் விழும் கணக்கு எந்தத் தொகையைத் தாண்டினால் எந்த அறிக்கையை எந்தத் திகதிக்குள் அனுப்ப வேண்டும் என்பதை அவனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.