முக்கால் சுற்றைத் தூக்கிப் போட்டபின்

போன சனிக்கிழமை நான் அசைவுகளைச் சொல்லி நடத்திய கான்ட்ரா ஆட்டம் (ஜோடிகள் சேர்ந்து ஆடும் நாட்டுப்புற நடனம்) ஒருவழியாக அமைந்துவிட்டது! மேற்கு மாசசூசெட்ஸில் சின்ன ஊர், டவுன் ஹால், 36 பேர். ஒருவர்கூட அதற்குமுன் கான்ட்ரா ஆடியதில்லை. வாக்-த்ரூ, அதாவது இசைக்கு முன் நடந்து பார்க்கும் ஒத்திகை, மூன்றே நிமிடம். கடைசி இரண்டு சுற்றில் நான் வாயே திறக்கவில்லை. பிடிலைக் கேட்டு அவர்களே ஆடினார்கள்.

செப்டம்பரில் இதே ஹாலில் எல்லாம் கலைந்துபோயிருந்தது. எளிது என்று நம்பி ஒரு டூப்பிள் இம்ப்ராப்பர் (நீள வரிசையில் இரண்டிரண்டு ஜோடியாகச் சேர்ந்து ஆடும் வகை) கொண்டுபோயிருந்தேன்: நெய்பரோடு, அதாவது எதிர் ஜோடியில் இருப்பவரோடு, ஸ்விங் (பிடித்துக்கொண்டு சுழல்வது), நால்வரும் கைகோத்து இடப்பக்கமாக முக்கால் சுற்று, பார்ட்னரோடு ஸ்விங். "முக்கால்னா எங்கே நிக்கணும்?" என்று நாலு மூலையிலிருந்தும் கேட்டார்கள். முக்கால் சுற்றுதான் வில்லன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உண்மையான கோளாறு அதற்கு முந்தைய ஸ்விங்கில். ஜோடியில் ஒருவர் லார்க், மற்றவர் ராபின்; ஸ்விங் முடியும்போது லார்க் இடப்பக்கம், ராபின் வலப்பக்கம் நிற்காவிட்டால், முக்கால் சுற்றை எவ்வளவு சரியாகப் போட்டாலும் பார்ட்னர் எதிர்மூலையில் நிற்பார். ஒரு ஜோடி தடுமாறினால் அடுத்த சுற்றில் பக்கத்து ஜோடியும் மாட்டும்.

அதனால் இந்த முறை ஒன்றே ஒன்றுதான் பார்த்தேன்: தப்பு நடந்தால் அந்தச் சுற்றுக்குள்ளேயே அது தானாகச் சரியாகிவிட வேண்டும்.

சிசிலியன் சர்க்கிள் எடுத்தேன்: ஹாலைச் சுற்றி வட்டமாக, ஜோடிக்கு எதிரே ஜோடி நிற்கும் வகை. வரிசைக்கு முனை கிடையாது, யாரும் வெளியே காத்து நிற்க வேண்டாம், லார்க், ராபின் பேச்சே தேவையில்லை. ஜோடிகள் இரட்டைப்படையாக இருந்தால் போதும். 18 ஜோடி, ஒன்பது நால்வர். சுற்றுகள் எல்லாம் முழுச் சுற்று: எட்டு தட்டு இடம், எட்டு தட்டு வலம், புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

இதிலும் ஒரு இடம் என்னைப் படுத்தியது. இசை ஏ1, ஏ2, பி1, பி2 என்று 16 தட்டு கொண்ட நாலு பகுதி; பார்ட்னரோடு இருகை பிடித்துச் சுற்றுவதை முதலில் பி1 கடைசியில் வைத்திருந்தேன். அதை அடுத்து பி2-இல் முன்னே பின்னே, பிறகு பாஸ் த்ரூ, அதாவது எதிர் ஜோடியைக் கடந்து அடுத்த ஜோடியிடம் போவது. வீட்டில் எட்டு நண்பர்களை வைத்துப் பார்த்தபோது ஒரு ஜோடி சுற்றி முடித்து முதுகைக் காட்டி நின்றது; அப்படியே எதிர்த்திசையில் நடந்தும் போய்விட்டது. இருகைச் சுற்றை ஏ1-க்கு ஏற்றினேன். இப்போது அதை அடுத்து நால்வரும் கைகோக்கிறார்கள். தப்பாகத் திரும்பி நிற்பவரை எதிரே இருப்பவரே கைபிடித்துத் திருப்பிவிடுகிறார். பி1-இல் வலக்கை ஸ்டார் (நால்வரும் நடுவில் வலக்கை சேர்த்துச் சுற்றுவது), இடக்கை ஸ்டார். பி2 அப்படியே. மொத்தம் 64 தட்டு. அடுத்த அசைவை ஐந்தாம் தட்டில் ஆரம்பித்து எட்டுக்குள் சொல்லி முடித்தேன். அடுத்த ஒன்றாம் தட்டில் அவர்கள் கால் கிளம்பியது. பேண்டிடம் நிமிடத்துக்கு 108 தட்டு கேட்டு வாங்கினேன். அதைவிட வேகம் போயிருந்தால் ஸ்டாரில் கைகள் சேர்ந்திருக்காது.

இன்னொரு விஷயம்: ஆன்லைனில் வாங்கிய ஹெட்செட் மைக்கை நம்பாதீர்கள். இரண்டாம் ஆட்டத்திலேயே விட்டு விட்டுக் கேட்டது. பழைய வயர் மைக்குக்கே திரும்பிவிட்டேன். ஒரு கையில் மைக் என்பதால் அசைவுகளை எழுதி வைத்திருக்கும் கார்டில் எழுத்து பெரிதாக வேண்டும். ஆறங்குல கார்டுக்கு மாறியாயிற்று.

ஜனவரியில் இதே ஹாலில் மறுபடியும் இம்ப்ராப்பர். முக்கால் சுற்று இல்லாமல், நால்வரும் ஒரே வரிசையாக ஹாலின் கீழ்ப்பக்கம் நடந்து திரும்புகிற மாதிரி. முனையில் காத்து நிற்பவர்கள் இடம் மாறிக்கொள்ள எப்போது சொல்வது என்பதில்தான் இப்போது நிற்கிறேன். ஏ1, ஏ2 எழுதிவிட்டேன். பி1-இல் ஸ்விங் வைக்கலாமா, இருகைச் சுற்றே போதுமா என்று எட்டு பேரையும் மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும்.